கட்டைப்பையில் ஒரு டீச்சர்

சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிங்காநல்லூர் சிக்னல். ஸ்கூட்டரை ஓட்டியது என் நண்பர் இஸ்மாயில் பாய். பின்னால் நான். என் மடியில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அந்தப் பைக்குள்ளிருந்து ஒரு தலை மெதுவாக வெளியே வந்து, சிக்னலில் நின்றவர்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தது.

கோழித் தலை.

பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, நாட்டுக்கோழிங்களா? என்ன விலை சொல்றீங்க?"

"விக்கறதுக்கில்லீங்க" என்றார் பாய். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அவர் பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். கண்ணாடி ஏறிவிட்டது.

நடுவில் ஒரு வாரம் இந்தப் பத்தி வரவில்லை, கவனித்திருப்பீர்கள். "உடம்புக்கு என்ன சார்?" என்று சில வாசகர்கள் அக்கறையாக விசாரித்தார்கள். உடம்பு சரியில்லாமல் போனது உண்மைதான்... எனக்கில்லை. அந்தப் பைக்குள் இருந்தவளுக்கு.

எங்கள் வீடு ஒண்டிப்புதூரில். பின்பக்கம் கொஞ்சம் இடம் உண்டு — ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, துணி காயப்போட ஒரு கம்பி. ஊரடங்கு சமயத்தில் என் மனைவி மல்லிகாவுக்கு அங்கே கோழி வளர்க்க வேண்டும் என்று தோன்றியது. அவளுடைய அண்ணன் வெள்ளகோவிலில் தோட்டம் வைத்திருக்கிறார். பஸ் ஓட ஆரம்பித்ததும் ஓர் அட்டைப்பெட்டியில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

ஆறுக்கும் மல்லிகா பேர் வைத்தாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்று பார்த்தபடி நடக்கிற செவலைக் கோழிக்கு டீச்சர். ஒதுங்கியே நிற்கிற கறுப்புக் கோழிக்குக் கருப்பி. மற்ற நாலு பேருக்கும் பேர் உண்டு. எல்லாம் எங்கள் சொந்தக்காரர்களின் பேர் என்பதால் இங்கே எழுத முடியாது.

நாலு வருடம் போட்டி போட்டுக்கொண்டு முட்டையிட்டார்கள். இப்போது வயதாகிவிட்டது. முட்டை என்பது பென்ஷன் அரியர்ஸ் மாதிரி... எப்போதாவது வரும், வந்தால் வீடே சந்தோஷப்படும்.

இந்த நிலையில்தான் பெங்களூருவில் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம் வந்தது. மல்லிகா கிளம்பிப் போனாள். கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே... நான் நின்றுகொண்டேன்.

"ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க" என்றாள் போகும்போது. "காலைல தீனி வைங்க, தண்ணி மாத்துங்க. சாயங்காலம் எல்லாம் அடைஞ்சப்புறம் எண்ணிப் பார்த்துக் கூண்டச் சாத்துங்க. அவ்வளவுதான்."

அவ்வளவையும் செய்தேன். தினமும் எண்ணினேன். தினமும் ஆறு. இதில் என்ன கஷ்டம் என்றுகூட நினைத்தேன். காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கூண்டுக் கட்டையில் சாய்ந்து பேப்பர் படிப்பது ஒரு சுகமான பழக்கமாகிவிட்டது.

பிறகு அரிப்பு வந்தது.

முதலில் கழுத்து. அப்புறம் முதுகு. வெயில் என்று நினைத்து சோப்பை மாற்றினேன். சுகர் ஏறிவிட்டதோ என்று ரத்தம் சோதித்தேன். அது வழக்கமான இடத்தில்தான் இருந்தது. தோல் டாக்டரிடம் போனேன். "வீட்டில் செல்லப்பிராணி ஏதாவது?" என்று கேட்டார். யோசிக்காமல் "இல்லீங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமையானால் கறிக்கடை வரிசையில் நிற்கிற மனிதன் நான். கோழியைச் செல்லப்பிராணி என்று யாராவது சொல்வார்களா? அவர் ஒரு கிரீம் எழுதிக்கொடுத்தார். தடவிக்கொண்டு, மறுபடியும் கூண்டில் சாய்ந்து பேப்பர் படித்தேன்.

இஸ்மாயில் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டைமேட்டுக்காரர். காந்திபுரத்தில் சின்னதாக ஒரு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு கடை லீவு. காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, நாட்டு நடப்பு பேசிவிட்டுப் போவார். கண்ணில் மாட்டிக்கொண்டு வாட்ச் பார்க்கிற அந்தச் சின்ன லென்ஸ் லீவு நாளிலும் சட்டைப்பையில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏனுங்ணா, சித்த அசையாம இருங்க."

லென்ஸைக் கண்ணில் மாட்டினார். என் காலரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குனிந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன பாய், அழுக்கா?"

"அழுக்குன்னுதான் நானும் நெனச்சனுங்ணா. ஆனா இதுக்குக் காலு இருக்குது. நடக்குதுங்க."

நான் சட்டையைக் கழற்றிய வேகத்தில் ஒரு பட்டன் தெறித்துப் போனது. இருவரும் கூண்டருகே போனோம். நான் தினமும் சாய்ந்த கட்டையின் இடுக்கில், ஏதோ செம்மண் தூசு படிந்தது போல இருந்தது. பாய் ஒரு குச்சியால் கிளறினார். தூசு கலைந்து ஓடியது. குச்சி முனையில் ரத்தச் சிவப்பாக ஒரு பொட்டு.

அந்த நேரம் பார்த்து மல்லிகாவின் வீடியோ கால். பெங்களூருவில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் போனைப் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க, ஏன் சட்டையில்லாம நிக்கறீங்க?"

சொன்னேன். எண்ணெய்க் கை நின்றது.

"கோழிகளக் காட்டுங்க."

காட்டினேன். ஒவ்வொன்றாக. டீச்சர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"கொண்டை ஏனுங்க இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"வெயில்ல அப்படித் தெரியுது போல."

"வெயில்ல செவப்பாத்தானுங்க தெரியும். புடிச்சுக் காலக் காட்டுங்க."

பிடிப்பதாவது? நான் ஒரு பக்கம் போனால் டீச்சர் மறுபக்கம். பாயைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரோடு படியேறி நின்றிருந்தார்.

"கோழிய நான் பிரியாணிலதானுங்ணா பார்த்திருக்கறேன். உசுரோட கையில புடிச்சதில்லீங்க" என்றார்.

கடைசியில் போனைத் தரையோடு தரையாக வைத்துக் காலைக் காட்டினேன். காட்டும்போதுதான் நானே பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய கால், காய்ந்த மரப்பட்டை மாதிரி செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"தெனமும் பாக்கறேன்னு சொன்னீங்களேங்க?"

"ஆறு இருக்குதான்னு எண்ணிப் பார்த்தேனே..."

"எண்ணறதும் பாக்கறதும் ஒண்ணுங்களா?"

பெங்களூருவில் குழந்தை வீரிட்டது. லைன் கட்டானது. நல்லவேளை.

மறுநாள் காலையிலேயே வெள்ளகோவில் மச்சான் வந்து இறங்கிவிட்டார். தங்கையின் உத்தரவு. ஒரு பையில் மக்காச்சோளம், தோளில் துண்டு. பின்பக்கம் போனார். ஒரு கோழியைத் துரத்தவில்லை, ஓடவில்லை... குனிந்தார், டீச்சர் அவர் கக்கத்தில் இருந்தது. இறக்கையை விரித்துப் பார்த்தார். வாலுக்கடியில் ஊதிப் பார்த்தார். கீழே விட்டுவிட்டுக் கை கழுவினார்.

"செள்ளு, மாப்ள. உடம்பு பூராம் ஏறிக் கெடக்குது. கூண்டுக்குள்ளயும் அப்பியிருக்குது. வயசான கோழி, தாங்காது."

"என்ன பண்றது மச்சான்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் தாழ்த்திக்கொண்டார்.

"முட்டையும் இல்லீங்க. நோவும் வந்துருச்சு. உங்களுக்கும் அரிப்பு. மல்லிகா வர இன்னும் ஒரு மாசம் ஆகுமில்லீங்க? எல்லாத்தையும் நான் ஊருக்குக் கொண்டுபோயி ஒரு வழி பண்ணிப்போடறேன். நாய் புடிச்சுக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிப்போடலாம்."

சொல்லட்டுமா? எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. கழுத்தைச் சொறிந்துகொண்டே தோன்றியது. கூண்டு இல்லை, தீனி இல்லை, அரிப்பு இல்லை. ஆறு வாய்க்குக் காவல் காக்கிற வேலை இல்லை.

அப்போது டீச்சர் நடந்து வந்தது. அந்தக் காலோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. எனக்கு முன்னால் வந்து நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சமையலறைக் கதவைப் பார்த்தது. அந்தக் கதவு வழியாகத்தான் மல்லிகா அரிசி கழுவும்போது ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வருவாள். யோசித்துப் பார்த்தேன். அவள் ஊருக்குப் போன நாளிலிருந்தே காலையில் இது இப்படித்தான் வந்து நிற்கிறது. ஏதோ வழியில் நிற்கிறது என்று நான் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறேன்.

"அது மல்லிகாவத் தேடுது மச்சான்" என்றேன்.

அவர் கோழியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாய் கதைய அவ நம்பமாட்டா மாப்ள. சின்னதுலருந்தே நான் பொய் சொன்னாக் கண்டுபுடிச்சுப்போடுவா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்குன்னா நான் புடிச்சுப் பையில போட்டுத் தாரேன்" என்றார்.

அப்படித்தான் மறுநாள் சிங்காநல்லூர் சிக்னல்.

கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு லேப்ரடார், ஒரு பக், ஒரு பூனைக்கூடை, கயிற்றில் ஒரு வெள்ளாடு. எல்லோருக்கும் பேர் பதிந்துகொண்டிருந்தார் ஒருவர்.

"பேருங்க?"

"டீச்சர்."

"உங்க பேரு இல்லீங்க சார், பேஷண்ட் பேரு."

"பேஷண்ட் பேருதாங்க டீச்சர்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். எங்கள் முறை வந்ததும் "டீச்சர் வாங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டார். நிஜமாகவே டீச்சராம். பையிலிருந்து எங்கள் டீச்சரை எடுத்துக் காட்டி விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

டாக்டர் இளம் பெண். கோழியைத் திருப்பிப் போட்டு, இறகுகளை ஊதி ஊதிப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். மார்பெலும்பைத் தடவினார். தராசில் வைத்தார். பிறகு என்னிடம் கேள்விகள் ஆரம்பித்தன.

"தீனி சரியா எடுக்குதுங்களா?"

"வைக்கறது தீர்ந்துருதுங்க."

"இது எடுக்குதுங்களா?"

கட்டைப்பையை நாலாக மடித்தேன்.

"எச்சம் எப்படி இருக்குது? கடைசியா எப்பக் குடற்புழு மருந்து குடுத்தீங்க? மண்ணுல பொரளுதுங்களா? தண்ணி ஜாஸ்தி குடிக்குதுங்களா?"

பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. போனை எடுத்து மல்லிகாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாக் கேள்விக்கும் பெங்களூருவிலிருந்து பதில் வந்தது. பொங்கலுக்கு முன்னால் மருந்து கொடுத்தது, டீச்சர் ஓரத்தில் நின்று கடைசியில்தான் சாப்பிடும் என்பது, கம்பு வைத்தால் பொறுக்கிவிட்டுச் சோளத்தை விட்டுவிடும் என்பது... டாக்டரும் அவளும் என்னை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கால்ல செதில் லேசா எழும்பியிருந்துச்சுங்க டாக்டர். வேப்பெண்ணெ தடவிக்கிட்டிருந்தேன். கெளம்பற அவசரத்துல இவருகிட்டச் சொல்ல மறந்துபோட்டேன். என்ற தப்புத்தானுங்க."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. இருந்தாலும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னது இதுதான். இறகு அடியில் பேன். காலில் செதிலுக்குள் புகுந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கூண்டு இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்திருந்து, கோழி அடைந்தபின் ஏறி ரத்தம் குடிக்கிற செஞ்செள்ளு. போதாததற்கு வயிற்றில் புழு. எல்லாமாகச் சேர்ந்து உடம்பில் ரத்தமே இல்லை.

"சின்ன வயசுல இதுகளே மண்ணுல பொரண்டு, அலகால கோதி, சுத்தம் பண்ணிக்கும் சார். வயசானா முடியறதில்ல. குனிஞ்சு கோதறதுக்கே சோம்பலாயிரும். அப்ப நாமதான் பாத்துக்கணும்."

அவர் கோழியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு ஏனோ, இரண்டு வாரமாக வெட்டாமல் விட்ட என் கால் நகம் ஞாபகம் வந்தது.

"பொழைச்சுக்குங்களா?" என்று கேட்டார் பாய்.

"ரொம்ப வீக்கா இருக்குதுங்க. தனியா வைங்க. ரெண்டு மூணு நாள் தீனி எடுத்துருச்சுன்னா தேறிரும். எடுக்கலைன்னா..." டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். "மத்த அஞ்சுக்கும் சேர்த்து மருந்து தாரேன். நான் சொல்ற வரைக்கும் முட்டை சாப்பிட வேண்டாம்."

முட்டையா? இருந்தால் அல்லவா.

அடுத்த நாள் எங்கள் பின்பக்கத்தில் நடந்ததை அக்கம்பக்கம் இன்னும் பேசுகிறது. மச்சான் கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றி வெயிலில் போட்டார். நான் அண்டா அண்டாவாக வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். டாக்டர் கொடுத்த மருந்தை இடுக்கு இடுக்காக அடித்து, காய்ந்ததும் சுண்ணாம்பு பூசினோம். பாய் அன்றைக்கு மத்தியானம்வரை கடைக்கு லீவு விட்டுவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு பலகையையும் லென்ஸ் போட்டுப் பார்த்து, "இது பாஸுங்க", "இத இன்னொருக்கா கழுவுங்க" என்று தள்ளிக்கொண்டிருந்தார். வேலையில் கறாரான மனிதர்.

பிறகு கோழிகள். ஒவ்வொன்றாக மச்சான் பிடிப்பார். நான் இறகைப் பிரித்துப் பவுடர் தூவுவேன். காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். செதிலைப் பிய்க்கக் கூடாது, வலிக்கும்.

முந்தாநாள்வரை இதுகளை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று சொன்ன மச்சான், டீச்சர் முறை வந்ததும் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு காலையும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, "ஆச்சு கண்ணு... ஆச்சு, ஆச்சு... சித்தப் பொறுத்துக்க" என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் தன் பேரப்பிள்ளைகளிடம்கூட அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

காலைத் துடைக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் கை முழுக்கப் பவுடர்.

"பாய், சித்தப் புடிங்க."

"நானுங்களா?"

துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்துவிட்டார் மச்சான். பாய் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். டீச்சரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை தானாக இறகை நீவத் தொடங்கியது.

"கனமே இல்லீங்களேண்ணா" என்றார் மெதுவாக. "உள்ள நெஞ்சு ஓடறது கைக்குத் தெரியுதுங்க."

மூன்று கிழவர்கள், ஒரு கோழி, ஒரு பிளாஸ்டிக் டப் தண்ணீர்.

டீச்சருக்கு என் எழுதும் அறையில் இடம். டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் பழைய வேட்டி விரித்து வைத்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. கம்பு வைத்தேன், பார்க்கவில்லை. அரிசி வைத்தேன், திரும்பிக்கொண்டது. அவித்த முட்டைக் கருவை உதிர்த்து வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தேன். நாலு வருடம் எனக்கு முட்டை போட்ட கோழிக்கு நான் கடையில் முட்டை வாங்குகிறேன்... கடைக்காரரிடம் சொல்லவில்லை.

அதையும் தொடவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. தண்ணீரும் டானிக்கும் அலகு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஸ்பூனில் விட்டால் பாதி வெளியே வழிந்தது. அலமாரியைத் துழாவினேன். என் மகள் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை கிடைத்தது. மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். கச்சிதமாக இருந்தது.

வீடியோ காலில் மல்லிகா பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க... அது நம்ம பாப்பாவோட பாலாடையல்லங்களா?"

"கழுவி வெச்சுருவேன்."

மகள் பின்னாலிருந்து சிரித்தாள். மல்லிகா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலையத் தூக்காதீங்க, பொரையேறிரும். அப்படியே ஓரமா... ஆ, அப்படித்தான்" என்றாள். அவள் மடியில் புதுப்பேத்தி. என் மடியில் டீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஊட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் பத்தி எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். கோழிக்கு உடம்பு சரியில்லை என்றேன். சிக்கன்குனியாவா என்று கேட்டார். லைனில் இரைச்சல்.

மூன்றாம் நாள் காலை அறைக்குள் போனால் பெட்டியில் டீச்சர் இல்லை. குனிந்து மேஜைக்கடியில் தேடினேன். பார்த்தால் மேஜைமேல் நிற்கிறது. நான் பாதி எழுதிவைத்த காகிதங்களின்மேல். கழுத்தை நிமிர்த்தி, வரி வரியாகப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் தாராளமாக எச்சமிட்டது. என் எழுத்துக்கு இவ்வளவு உடனடியான விமர்சனம் வந்ததில்லை.

சந்தோஷத்தில் மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"எச்சத்தக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். போனை முகத்தருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். "இனிப் பயமில்ல. கம்பு வைங்க."

கம்பு வைத்தேன். கொத்தியது. இன்னும் வை என்பது போல என் கட்டைவிரலையும் கொத்தியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

ஒரு வாரம் தங்கிவிட்டு மச்சான் ஊருக்குக் கிளம்புகிற நாள். மத்தியானம் கறிவேப்பிலை மரத்தடியில் கருப்பி படுத்திருந்தது. நிழலுக்குப் படுத்திருக்கிறது என்று நினைத்தேன். எழுப்பப் போனபோது எழவில்லை.

காலையில்கூட நன்றாக இருந்தது. தீனி எடுத்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். "வயசான கோழிங்க சார். சில சமயம் இருதயம் நின்னுரும். நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

மச்சான் பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த பையைக் கீழே வைத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பப்பாளி மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். குழி ஆழமாகவே வெட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கருப்பியைச் சுற்றினார். புதுத் துண்டு. நான் வேறு பழைய துணி தருகிறேன் என்றதற்குக் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டார்.

மல்லிகாவிடம் நான்தான் சொன்னேன்.

"கஷ்டப்பட்டுச்சுங்களா?"

"இல்ல. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. காலைல கம்பும் கடலைப் புண்ணாக்கும் தின்னுச்சு. கொண்டை செவப்பா இருந்துச்சு. எச்சம் நல்லா இருந்துச்சு. காலு கூட ஆற ஆரம்பிச்சிருந்துச்சு. டீச்சருக்குப் பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சுது..."

நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவும் பார்த்தீங்களா?" என்றாள் கடைசியில். "அப்பச் சரிங்க. பார்த்துக்கத்தான் முடியும். புடிச்சு வைக்க முடியுங்களா?"

யோசித்துப் பார்க்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் தினமும் போன் செய்கிறோம். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்குனீங்களா... மூன்று கேள்வி, மூன்று பதில். கூண்டைச் சாத்திவிடுகிறோம். தீனி தீர்ந்ததா என்று தெரியும். தின்றது யார் என்று தெரியாது. முகம் வெளுத்திருக்கிறதா, நடை சாய்ந்திருக்கிறதா, யாரைத் தேடிக் கதவைப் பார்க்கிறார்கள்... இதற்கெல்லாம் பக்கத்தில் போய்க் குனிய வேண்டியிருக்கிறது. சரி, சரி. கோழியைப் பற்றி ஆரம்பித்தவன் உபதேசத்துக்குப் போகிறேன். நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் மல்லிகா வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து நேராகப் பின்பக்கம்தான் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாலு ஓடிவந்தன. டீச்சர் வழக்கம்போல நடந்தே வந்தது, ஓடுவது கௌரவக் குறைச்சல். மல்லிகா கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டு, இறகைப் பிரித்து, காலைத் தடவி, கண்ணைத் தூக்கிப் பார்த்து இறக்கிவிட்டாள். பப்பாளி மரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். கிட்டே வந்தாள். என் கண் இமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

"வெளுத்துப் போயிட்டீங்க" என்றாள்.

மறுநாள் காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை இருந்தது. பூச்சி மாத்திரை. கேள்வி கேட்காமல் முழுங்கிவிட்டேன்.

ரெண்டு வாரம் கழித்து இன்னொன்று இருக்கிறதாம்.